கரை தெரியாத கடலை வரையாதவருக்கு

அன்பு மாமாவுக்கு,

இவ்வளவு காலம் வாய் மூடி இருந்தது போதும். பேசாமல் இருந்ததால் உங்களுக்கு ஒரு நன்மையும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. உங்கள் மகன் ரோல்ஃபுக்குத்தான் வசதியாய்ப் போயிற்று.

வில்லியம்ஸ்டவுனில் துறைமுகத்துக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் உங்கள் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். போன கிழமை போனேன். வாசலில் ஆளுயரத்துக்கு உங்கள் படம். அதன் கீழே ரோல்ஃப் எழுதிய வரி: ‘கடலைக் காதலித்த மனிதர், இன்று கடலோடு கலந்துவிட்டார்.’ பக்கத்தில் நின்ற ஒரு பெண் அதை வாசித்துவிட்டு, எவ்வளவு அழகு என்று தன் கணவரிடம் சொன்னார். நான் உள்ளே போகாமலே திரும்பி வந்துவிட்டேன்.

நீங்கள் கடலைக் காதலிக்கவில்லை, மாமா. அதற்குப் பயந்தீர்கள். பயத்தைவிடக் கோபம்தான் கூட. செத்தபின் உங்களை மண்ணில் வைக்கச் சொல்லி என்னிடம் கேட்டீர்கள், நான் ஓம் என்று வாக்குக் கொடுத்தேன். அவர்கள் உங்களைக் கடலில் கொட்டிவிட்டார்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இவ்வளவுதான்.

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இதை வாசிக்கப்போகும் எங்கள் ஆட்களுக்கு உங்களைத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் விபரம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அவுஸ்திரேலியாவுக்கு, கிளேட்டனில் நீர்வளப் பொறியியல் படிக்க வந்த யாழ்ப்பாணத்தான். பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்த ஜேர்மன்காரப் பெண்ணைக் கட்டினேன். அவள் கரின், உங்கள் மகள். உங்களை வெர்னர் என்று பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னாள். எனக்கு வாய் வரவில்லை. “உங்கள் ஊரில் பெண்ணின் தகப்பனை என்னவென்று கூப்பிடுவீர்கள்?” என்று நீங்களே கேட்டீர்கள். மாமா என்றேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். “எங்கள் மொழியில் அது அம்மா. பரவாயில்லை, அந்த இடமும் இந்த வீட்டில் காலியாகத்தான் கிடக்கிறது.” உங்கள் மனைவி பிள்ளைகளை உங்களிடம் விட்டுவிட்டு பிறேமன் நகரத்துக்குத் திரும்பிப் போய் அப்போது எத்தனையோ வருடம். அதை வைத்து இப்படிப் பகிடி விடுகிற ஒருவரை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை.

வடகடல் ஓரத்தில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தீர்கள். போர்க்காலத்தில் உங்கள் அப்பாவைக் கண்ணிவெடி அகற்றும் கப்பலில் ஏற்றினார்கள். அவர் வரவில்லை. உடலும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் அம்மா உங்களைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய், அலைதாங்கிச் சுவரில் நின்று தண்ணீருக்குள் பூப்போடுவார். அலை அந்தப் பூக்களைக் கொண்டுவந்து சுவரடியிலேயே தள்ளும். “அதற்குப் பூ தேவையில்லை. ஆள்தான் தேவை” என்றீர்கள் என்னிடம். அறுபது வருடத்துக்குப் பிறகும் அந்தக் கோபம் ஆறவில்லை.

வாலிப வயதில் கப்பலேறி அவுஸ்திரேலியா வந்தீர்கள். வழி முழுக்கக் கீழ்த்தளத்தில் படுத்துக் கிடந்து, ஒரு நாளும் மேலே வந்து தண்ணீரைப் பார்க்கவில்லை. பிறகு கப்பல் கட்டும் துறையில் வரைபடம் போடும் வேலை. வேலை முடிந்தால் தண்ணீர் வர்ணப் பெட்டியோடு கடற்கரை. தடித்த காகிதத்தைக் குளியல் தொட்டியில் ஊறவைத்துப் பலகையில் இழுத்து ஒட்டுவீர்கள். ஆகாயத்தை ஒரே மூச்சில் போட்டு முடித்துவிட்டுத்தான் கடலைத் தொடுவீர்கள். வெள்ளை வர்ணம் உங்கள் பெட்டியிலேயே கிடையாது. அலையின் நுரைக்குக் காகிதத்தை வெறுமனே விட்டுவிடுவீர்கள். ஒருமுறை தூரிகை பட்டுவிட்டால் அந்த வெள்ளையைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதால், நுரை வரும் இடங்களை முதலிலேயே முடிவுசெய்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு வேலை செய்வீர்கள்.

கப்பல் கப்டன்மார் தங்கள் கப்பலை வரைந்து தரச்சொல்லி உங்களிடம் வருவார்கள். “சரக்கோடு போகும்போது வரையவா, வெறுமையாய்ப் போகும்போது வரையவா?” என்று முதலில் கேட்பீர்கள். சரக்கு ஏற்றினால் கப்பல் தாழ்ந்து, அடிவயிற்றுச் சிவப்பு தண்ணீருக்குள் மறைந்துவிடும். அந்த ஒரு கேள்விக்காகவே அவர்கள் உங்களை நம்பினார்கள். நடுக்கடலில் தன் கப்பலை வரையச்சொன்ன ஒருவரைத் திருப்பி அனுப்பியதும் எனக்குத் தெரியும். கரை தெரியாத கடலை நீங்கள் வரையவே இல்லை. எவ்வளவு பெரிய புயலை வரைந்தாலும் ஒரு மூலையில் பாறை இருக்கும், அல்லது தொடுவானத்தில் மயிர் அளவுக்கு நிலம் இருக்கும். ஒரு நாளும் ஒரு படகில் இருந்து வரையவில்லை. ரோல்ஃப் பாய்மரப் படகு வாங்கி உங்களைக் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் உங்களுக்கு முதுகு வலித்தது.

பிள்ளைகளிடம் ஏன் சொல்லவில்லை? கேட்டேனே. “கடலைக் காதலிக்கிறவன் வரைந்த படம் என்றால் வாங்குகிறார்கள். கடலை நம்பாமல் காவல் காக்கிறவன் வரைந்தது என்றால் யார் வாங்குவான்? அந்தப் படங்களை விற்றுத்தான் இவர்களை வளர்த்தேன். இனிப் போய்ச் சொன்னால் ரோல்ஃப் சிரிப்பான்.” அவன் சிரித்துவிடுவான் என்ற வெட்கத்துக்கு நீங்கள் கொடுத்த விலையைப் பார்த்தீர்களா, மாமா?

என்னிடம் மட்டும் சொன்னதற்குக் காரணம் 2009. அந்த வருடம் வன்னியில், அந்தக் கடைசிக் கடற்கரைத் துண்டில், என் அம்மா போனார். எப்படி, எந்த நாள், எந்த இடம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எடுக்க ஒரு எலும்பும் இல்லை. உடல் இல்லாததால் குருக்கள் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து எரித்து, அந்தச் சாம்பலைச் சின்ன முட்டியில் போட்டுத் தந்தார். ஈமச்சடங்கின் முடிவான அந்தியேட்டி அன்று வில்லியம்ஸ்டவுன் கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைக் கரைத்தேன். மஞ்சள் பூக்கள், பாதித் தேங்காய், கற்பூரம். கரின் கரையில் நின்று அழுதுகொண்டே படம் பிடித்தாள். நீங்கள் மட்டும் தண்ணீர்ப் பக்கம் வராமல் மேலே வீதியோரத்தில் நின்றீர்கள். உங்கள் முகமும் நனைந்திருந்தது.

திரும்பி வரும்போது காருக்குள் என் கையைப் பிடித்தீர்கள். கரின் வேறு காரில் வந்துகொண்டிருந்தாள்.

“உன் அம்மாவுக்குச் செய்தது உன் வழக்கம். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்னை அதற்குள் போடவிடாதே. மண்ணில் வை. எந்த மண் என்றாலும் சரி. மேலே யாராவது நடந்து திரிகிற இடமாக இருந்தால் நல்லது.”

“ஓம் மாமா.”

“ஓமா?” அந்தச் சொல் உங்களுக்குத் தெரியும்.

“ஓம்.”

நான் வாக்குக் கொடுத்தபோது உங்கள் வீட்டு மருமகனாக இருந்தேன். அடுத்த வருடம் இல்லாமல் போனேன். தாயைப் பறிகொடுத்தவன் கொஞ்ச நாள் பேசாமல் இருப்பான் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்கள் மகளுக்கு அது தெரியவில்லை. “பூட்டின வீட்டுக்குள் இருக்கிற மாதிரி இருக்கிறது உன்னோடு” என்றாள். பூட்டின வீட்டுக் கதவைத் தட்டலாம் அல்லவா? ரோல்ஃப் வந்து தளபாடங்களை ஏற்றிக்கொண்டு போனான். கதிரைகளைக்கூட விடவில்லை. அந்த வருடத்தை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. முனைவர் பட்டத்தோடு மாநகரசபையில் வடிகாலும் நடைபாதையும் பார்த்துக்கொண்டு கிளேட்டனில் ஒற்றை அறையில் இருந்தேன். எங்கள் ஆட்கள், வெள்ளைச்சியைக் கட்டினால் இப்படித்தான் என்று கோயிலடியில் நின்று கதைத்தார்கள். அதுவும் என் காதுக்கு வந்தது.

நீங்கள் மட்டும் வந்தீர்கள். ரயில் மாறி ரயில் ஏறி, பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. கிளேட்டனில் கடல் இல்லை என்றேன். “அதுதான் வந்தேன்” என்றீர்கள். என் ஜன்னலடியில் இருந்து கார் தரிப்பிடத்தை வரைந்தீர்கள். மழை பெய்து அங்கே தேங்கிய குட்டையில் யாரோ ஒருவரின் சிவப்புக் கார் தலைகீழாகத் தெரிந்தது. நீங்கள் நிம்மதியாக வரைந்து நான் பார்த்த ஒரே தண்ணீர் அது. கண்காட்சியில் அது இருக்காது. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

போன வருடக் குளிர்காலத்தில் உங்களுக்குப் பக்கவாதம் வந்தது. நீங்கள் இறந்த செய்தியைக் கரின் எனக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினாள். தகனத்தின்போது பின் வரிசையில் இருந்தேன். எரிப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் இருந்ததில்லை, அதனால் பேசாமல் இருந்தேன். கதவடியில் வைத்து ரோல்ஃப் சொன்னான், ஞாயிற்றுக்கிழமை தன் படகில் கொண்டுபோய்ச் சாம்பலைக் கடலில் போடுகிறோம் என்று.

அன்று பின்னேரமே உங்கள் வீட்டுக்குப் போனேன். குசினி மேசையில் நீங்கள் இருந்தீர்கள், ஒரு சாம்பல் நிறப் பிளாஸ்ரிக் பெட்டிக்குள். பக்கத்தில் பால் போத்தல்.

“அவர் மண்ணில் வைக்கச் சொன்னார்” என்றேன்.

“யாரிடம்?” என்றான் ரோல்ஃப்.

“என்னிடம்.”

“எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லாமல், உன்னிடம்?”

“அவருக்குக் கடல் பயம். உன் படகில் ஒரு நாளாவது ஏறியிருக்கிறாரா?”

“அவருக்கு முதுகு வலி.”

சுவரில் இருந்த உங்கள் ஓவியங்களை ஒன்றொன்றாகக் காட்டினேன். இங்கே பார் பாறை, இங்கே பார் கரை, இங்கே பார் கலங்கரை விளக்கம். கரை இல்லாமல் ஒன்று காட்டு என்றேன். அவன் பொறுமையாகச் சிரித்தான். “அது படத்தை எப்படி அமைப்பது என்ற ஓவியனின் உத்தி. வடிகால் பார்க்கிறவனுக்கு விளங்காது. வாழ்நாள் முழுக்கக் கடலையே வரைந்த மனிதனுக்குக் கடல் பயமாம்! விவாகரத்தில் கிடைக்காததை இந்தப் பெட்டிக்குள் தேடாதே.”

கரின் அவனைத் தடுத்தாள். தடுத்துவிட்டு அவள் சொன்னதுதான் அவன் சொன்னதைவிட மோசமாய் இருந்தது. “உன் அம்மாவுக்கு நீ செய்தாயே, அதைவிட அழகான ஒன்றை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அப்பாவும் அன்று அழுதார். அதைப் பார்த்துத்தான் இந்த யோசனையே எனக்கு வந்தது. நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன்.”

“அவர் அழகுக்கு அழவில்லை, கரின். பயத்தில் அழுதார்.”

“உனக்கு எல்லாமே அப்படித்தான் தெரியும்” என்றாள்.

விளங்குகிறதா, மாமா? உங்களைக் கடலில் போட அவர்களுக்கு வழி காட்டிக்கொடுத்தது என் அம்மாவின் சடங்கு. அவர்கள் ஜேர்மன் முறையில் நினைத்திருந்தால் உங்களுக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்திருக்கும். ஒரு தமிழனைக் குடும்பத்துக்குள் எடுத்ததால் அதுவும் கிடைக்காமல் போயிற்று. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

பாலன் அண்ணையிடம் சொன்னேன். கோயிலுக்கு வருகிற எங்கள் ஊர்க்காரர், என்னோடு இன்னும் கதைக்கிற ஒரே ஆள்.

“எடேய், கடல்ல கரைச்சா மோட்சமெண்டு நீதானே செய்தனி. கொம்மாவுக்குச் சரியெண்டால் அந்தாளுக்கு மட்டும் ஏன் பிழை?”

“அவர் வேண்டாமெண்டு சொன்னவர் அண்ணை.”

“கொம்மாட்ட கேட்டனியே?”

அம்மாவிடம் நான் எங்கே கேட்டேன். அவர் விடவில்லை. “எங்கட சனத்துக்கு அள்ளுறதுக்கு ஒரு பிடி சாம்பல் கிடைக்கேல்லை. நீ ஒரு வெள்ளைக்காரற்ற சாம்பலுக்கு நிண்டு மாரடிக்கிறாய்.”

“அதாலதான் அண்ணை” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கே முழுதாக விளங்கிற்றா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கரின் எனக்கும் படகில் இடம் வைத்திருந்தாள். ஏறினால் சம்மதித்ததாகிவிடும் என்று ஏறவில்லை, படகுத்துறையில் நின்றேன். அவள் டண்டினோங்கில் உள்ள இந்தியக் கடையில் மஞ்சள் பூவும் தேங்காயும் கற்பூரமும் வாங்கி வந்திருந்தாள். தேங்காயை எந்தப் பக்கம் உடைப்பது என்று என்னிடமே கேட்டாள்! நீங்கள் முதன்முதலாக ரோல்ஃபின் படகில் ஏறினீர்கள், பெட்டிக்குள் இருந்துகொண்டு. படகு சின்னதாகிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது கரினின் கறுப்புக் கோட்டு முழுக்க வெள்ளைத் தூசி. “காற்று மாறிவிட்டது. கொட்டக் கொட்ட எங்கள் மேலேயே வந்தார்” என்றாள். அழுகையும் சிரிப்புமாக, “அப்பா கடைசிவரை பிடிவாதம்” என்றாள். அவளுக்குப் பிடிவாதமாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தெரியவில்லை, அந்தத் தூசியையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா, நீங்கள் திரும்பி ஏறப் பார்த்திருக்கிறீர்கள். அங்கே உங்களுக்குக் கால் வைக்கக் கிடைத்தது அந்தப் படகின் பலகை ஒன்றுதான்.

நான் நிமிர்ந்து பார்க்கும்போது ரோல்ஃப் குழாயை இழுத்துக்கொண்டு வந்து மேல்தளத்தைக் கழுவத் தொடங்கியிருந்தான். வெள்ளையாய் ஒரு நீர் பலகை இடுக்குகளால் ஓடி, பக்கத்துத் துளையால் துறைமுகத் தண்ணீருக்குள் விழுந்தது.

“நிப்பாட்டு!”

“என்ன?”

“அது அவர்!”

“அது உப்பு. ஒவ்வொரு முறையும் வந்ததும் கழுவுறதுதான். கழுவாவிட்டால் எல்லாம் அரித்துப்போகும்.” குழாயை நிப்பாட்டவில்லை.

ஏறிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. தண்ணீர் இன்னும் வராத ஒரே இடம் பாய்மரத்தின் அடி. அங்கே மூலையில் வெள்ளையாய்க் கொஞ்சம் படிந்திருந்தது. முழங்காலில் நின்று, சட்டைப்பையில் இருந்த கைலேஞ்சியை விரித்து அதில் சுரண்டி எடுத்தேன். ஒரு தேக்கரண்டியும் வராது. தண்ணீர் என் சப்பாத்தை நனைத்துக்கொண்டு போனது. ரோல்ஃப் என்னவோ சொல்லிச் சிரித்தான். கரின் சிரிக்கவில்லை. துறையில் நின்று மிகவும் மெதுவாக, “நீ யாராவது வைத்தியரிடம் போய்ப் பேச வேண்டும்” என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மேசையில் கைலேஞ்சியை விரித்துப் பார்த்தேன். வெள்ளைத் தூள். சாம்பலா? ரோல்ஃப் சொன்ன உப்பா? தண்ணீரைப் படித்துப் பட்டம் வாங்கியவன் நான். ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டால் போதும். உப்பென்றால் கரைந்துபோகும், நீங்களென்றால் அடியில் தங்குவீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளை செய்கிற பரிசோதனை. கோப்பையில் தண்ணீரும் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான், உங்களைத் தண்ணீரில் போடமாட்டேன் என்றல்லவா சொன்னேன் என்ற நினைவு வந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கைலேஞ்சியை மடித்து வைத்தேன்.

மாதக்கணக்காக அது என் அலமாரியில் இருந்தது. எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒரு துண்டு நிலம் இந்த நாட்டில் எனக்குச் சொந்தமாக இல்லை. மயானத்தில் இடம் கேட்கப் போனால் யாருடைய சாம்பல், நீ அவருக்கு யார் என்று கேட்பார்கள். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் என் வேலைதான் வழிகாட்டியது. கிளேட்டன் ரயில் நிலையத்துக்குப் போகும் ஒரு வீதியில் பழைய நடைபாதையைப் பெயர்த்துவிட்டு மண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள். என் பிரிவின் வேலை. சனிக்கிழமை காலை மஞ்சள் மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அந்தச் சட்டை போட்டவன் நடுவீதியில் குழி தோண்டினாலும் இந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, கைலேஞ்சியை வைத்து மூடினேன். மந்திரம் எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை மேலே கொங்கிறீற் போட்டார்கள். இப்போது மாணவர்கள் நடக்கிறார்கள். தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துக்கொண்டு தாய்மார் நடக்கிறார்கள். படகில் வந்து இறங்கி, விசா முடிவுக்குக் காத்திருக்கும் எங்கள் பெடியன்களும் வேலை தேடி அந்த வழியால்தான் போகிறார்கள். கடலைக் கடந்த கதையை அவர்களிடம் நான் கேட்பதில்லை. நீங்கள் இருந்திருந்தால் கேட்டிருப்பீர்கள்.

நிம்மதி வந்ததா என்று கேட்காதீர்கள். வரவில்லை. உங்களில் மிச்சமெல்லாம் அந்தத் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. உங்கள் அப்பாவைப் போல, என் அம்மாவின் பெயரால் நான் கரைத்த தர்ப்பைச் சாம்பலைப் போல. அதை யாராலும் இனி மாற்ற முடியாது. நான் செய்யக்கூடியது ஒன்றுதான். மழையென்றாலும் வெயிலென்றாலும் அந்த நடைபாதையால்தான் இனி வேலைக்குப் போவேன், மாமா. இந்த ஊரில் இருக்கும்வரை.

இப்படியான கடிதங்களின் அடியில் ‘உங்கள் அன்பு மருமகன்’ என்று எழுதிப் பெயர் போடுவது வழக்கம். மருமகன் உறவை நீதிமன்றத்தில் முடித்துவிட்டார்கள் என்பதற்காக நான் தயங்கவில்லை. அவர்கள் முடித்தது அவர்களோடு இருந்த உறவை. என் தயக்கம் வேறு. கீழே பெயர் போட்டால், சொன்னதைச் செய்தேன் என்று நான் உலகத்துக்குச் சாட்சி சொன்னதாகிவிடும். மனிதனைப் புதைத்தேனா, ஒரு சிட்டிகை உப்பைப் புதைத்தேனா என்று எனக்கே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு எப்படிக் கையெழுத்து வைப்பேன்?

உறையில் இங்குள்ள தமிழ் மாத இதழின் விலாசத்தை மட்டும் எழுதிவிட்டேன். பெயர் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.